அமைதியான ஓர் இல்லத்தில் கேட்டவை

லண்டன்
9 ஜனவரி 1931

அன்புள்ள அக்காவுக்கு தணிகாசலத்தின் வணக்கம். குளிர் எலும்புவரை போகிறது; மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

‘அங்கே என்னதான்டா படிக்கிறாய்’ என்று கேட்டிருந்தாய். துருக்கியில் போகாஸ்கோய் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை. ஹித்தைத்து என்ற மொழி. அதில் ‘எகு’ என்று ஒரு வினை. குடிப்பது என்று பொருள். பக்கத்து பாலா மொழியில் ‘அஹு’ என்றிருக்கிறது. இந்த வினை எங்கே பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. லத்தீனில் தண்ணீருக்கு ‘அக்வா’ என்பார்கள், அதன் உறவு என்று பெரிய பேராசிரியர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கையில் ஆதாரம் இல்லை.

அதனால் ஓர் உதவி கேட்கிறேன். அது செத்த மொழி; உயிரோடு இருக்கும் மனிதர்கள் குடிப்பதற்கான வினையைத் தங்கள் மொழியில் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டிலோ தெருவிலோ யாராவது ‘குடி’ என்ற சொல்லைச் சொன்னால் ஒரு சீட்டில் எழுது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு சீட்டு. மேலே தேதி, நேரம், யார் யாருக்குச் சொன்னார் என்பது. ஓரத்தில், அப்போது என்ன நடந்தது என்பது. எதையும் திருத்தாதே, வாயில் வந்தபடி வேண்டும். என்னைவிட உனக்குத்தான் ஞாபகமும் கையெழுத்தும் நல்லது. உன்னை ஆறாவதோடு நிறுத்தி என்னை மேலே படிக்க வைத்தார் அப்பா. அது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும்.

அன்புத் தம்பி
தணிகாசலம்

பினாங்கு, டத்தோ கிராமட் சாலை
15 பிப்ரவரி 1931

தம்பி தணிகாசலத்துக்கு அக்காள் எழுதுவது. கடிதம் கிடைத்தது. கம்பளிச் சட்டை போட்டுக்கொள், குளித்த தலையோடு வெளியே போகாதே. இங்கே எல்லாரும் சுகம்.

சீட்டு எழுதுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறாவது வகுப்புக்குப் பிறகு யாரும் என்னை எதையும் எழுதச் சொன்னதில்லை. இருபத்திரண்டு அனுப்புகிறேன். சிலதை இங்கேயே எழுதிக் காட்டுகிறேன், முறை சரியா என்று சொல்.

பிப்ரவரி 5, காலை 7. நான் அவருக்கு: ‘காப்பி குடிங்க, ஆறிடப் போவுது.’ ஓரம்: குடிக்கவில்லை. டம்ளர் முற்றத்தில் கிடந்தது.

பிப்ரவரி 7, மாலை 6. அடுத்த வீட்டு ஹாஜராக்கா எனக்கு, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து: ‘கஞ்சி குடிச்சியா வடிவு, இல்ல இன்னிக்கும் பட்டினியா?’ ஓரம்: குடித்தேன் என்று சொன்னேன்.

பிப்ரவரி 7, மாலை 7. அவர் எனக்கு: ‘எவடி சொன்னா நான் குடிச்சிருக்கேன்னு?’ ஓரம்: யாரும் சொல்லவில்லை. நான் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, காலை 10. அவர் மதுவிலக்குச் சங்க மேடையில், தோட்டத்து ஆட்களுக்கு: ‘குடிக்காதீங்கய்யா, கும்பிட்டுக் கேக்கிறேன்.’ ஓரம்: மாலை போட்டார்கள்.

இன்னொன்று. சுங்கை பினாங்கில் அப்பாவின் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி சின்னையா சித்தப்பாவிடம். கேட்டேன். ‘வீடு தம்பி பேருல இருக்கு, அவன் ஒரு வரி எழுதட்டும், தந்துர்றேன்’ என்கிறார். அந்த ஒரு வரியை எழுதிவிடு. கொஞ்ச நாள் அங்கே போய் இருக்கலாம் என்று பார்க்கிறேன். சீக்கிரம் எழுது.

அக்காள்
வடிவம்மாள்

லண்டன்
14 மார்ச் 1931

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன், உட்கார முடியவில்லை. ‘எவடி சொன்னா நான் குடிச்சிருக்கேன்னு’ — இதைக் கவனித்தாயா? எதைக் குடித்தான் என்று அதில் இல்லவே இல்லை. கஞ்சி என்றால் கஞ்சி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் சாராயம்தான். களிமண் பலகைகளிலும் அரசன் விழாவில் எழுந்து நின்று ‘குடிக்கிறான்’. எதை என்று பல இடங்களில் இல்லை. அது தண்ணீராக இருக்காது அக்கா. இந்த வகைச் சீட்டுதான் எனக்கு வேண்டும். அத்தான் கோபத்தில் பேசுவது மிகவும் இயல்பாக இருக்கிறது. அப்படிப்பட்டவை இன்னும் அனுப்பு.

சாவி விஷயம்: நீ ஏன் தனியாக அங்கே போய் இருக்க வேண்டும் என்று புரியவில்லை. அத்தானைக் கேட்காமல் நான் எழுதுவது மரியாதையாக இருக்காது. இந்தக் கப்பலிலேயே அவருக்கும் ஒரு கடிதம் போடுகிறேன்.

தணிகாசலம்

பினாங்கு
11 ஏப்ரல் 1931

சிரஞ்சீவி தணிகாசலத்துக்கு, தங்கள் அத்தான் குருபாதம் அநேக ஆசீர்வாதம். ஆண்டவன் அருளால் யாமும் தங்கள் தமக்கையும் க்ஷேமம். தாங்கள் க்ஷேமமாயிருந்து பட்டம் பெற்றுத் திரும்பி நம் சமூகத்துக்கு வெளிச்சம் தரப் பிரார்த்திக்கிறோம்.

சாவி குறித்து என்னிடம் முன்கூட்டிக் கேட்டது தங்கள் நற்பண்பு. எனக்கும் இப்போதுதான் தெரியவந்தது. தங்கள் தமக்கைக்கு வீட்டில் குறை ஒன்றுமில்லை. படித்த பெண்களுக்கு உள்ள சிறு பிடிவாதம், அவ்வளவே. நான் கப்பல் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் குமாஸ்தாக்களுக்குத் தலைமைக் கிராணி, மதுவிலக்குச் சங்கக் காரியதரிசி. என் மனைவி பூட்டிய வீட்டில் தனித்திருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். புரிந்துகொண்டாள்.

ஆசீர்வாதங்களுடன்
குருபாதம்

பினாங்கு
20 ஏப்ரல் 1931

தம்பிக்கு. உடம்பைப் பார்த்துக்கொள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்; இடது கையால் எழுதுகிறேன்.

அவருக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. நிறுத்தி நிறுத்தி எனக்குப் படித்துக் காட்டினார். சீட்டு பத்தொன்பது வைத்திருக்கிறேன். ஓரத்தையும் படி.

ஏப்ரல் 9, மாலை 7. அவர் எனக்கு: ‘நான் குடிக்கிறேன்னு சீமை வரைக்கும் எழுதிட்டியாடி?’ ஓரம்: எழுதவில்லை என்றேன். வலது மணிக்கட்டு.

ஏப்ரல் 10, காலை 6. ஹாஜராக்கா எனக்கு: ‘மஞ்ச போட்ட பாலு, கொஞ்சம் கொஞ்சமா குடி. வாயத் தொறக்க முடியாட்டி சொல்லு, கரண்டில ஊத்துறேன்.’ ஓரம்: கரண்டியால் ஊற்றினார்.

ஏப்ரல் 10, காலை 7. ஹாஜராக்காவின் கணவர் ஹனீபா, தெருவில் நின்று: ‘மேடையில ஏறுனா உத்தமரு, வூட்டுக்கு வந்தா பிராந்தி. கூலிக்காரன் குடிச்சா மாட்டா புடிச்சிட்டுப் போறான். கிராணி குடிச்சா அது மருந்து லா.’ ஓரம்: மாட்டா என்றால் இங்கே போலீஸ், ‘லா’ மலாய்ப் பேச்சின் இழுவை; நீ மறந்திருப்பாய். ஹாஜராக்கா அவரை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 12, காலை 11. ஆயர் ஈத்தாம் கூட்டத்தில் அவர், நூறு பேருக்கு முன்: ‘குடிக்கிறவன் பொண்டாட்டி மொகத்தப் பாருங்க, வேற சாட்சி வேணாம்.’ ஓரம்: நான் போகவில்லை. இந்த முகத்தோடு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஹனீபா கேட்டுவந்து சொன்னது.

சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுது. அத்தானுக்கு இனி எழுதாதே.

வடிவம்மாள்

லண்டன்
24 மே 1931

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். கையில் என்ன? சுளுக்கு என்றால் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு.

சிக்கல் அவிழ்ந்துவிட்டது. குடிவெறி ஏறியவனுக்கு லத்தீனில் ‘ஏப்ரியுஸ்’ என்பார்கள். வெறி தெளிந்திருப்பதற்குக் கிரேக்கத்தில் ‘நேபேயின்’. இரண்டும் தண்ணீர்ச் சொல்லுக்கு உறவில்லை. நம் ‘எகு’வுக்குத்தான் உறவு. அந்த வினை பிறந்ததே வெறியோடுதான். ‘குடிக்கிறவன்’ என்ற உன் சீட்டைப் பார்த்தபோதுதான் இது எனக்குப் பட்டது. பேராசிரியர் இரண்டு தடவை படித்துவிட்டு, ‘ஆராய்ச்சிச் சங்கத்தின் பத்திரிகைக்குக் கொடு’ என்றார். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

உன் சீட்டுகள் என் பெட்டிக்கு அரை அங்குலம் பெரிதாக இருந்தன. அதனால் மேல்பக்கத்தையும் ஓரத்தையும் கத்தரித்து, வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பால், கஞ்சி வகை இனி வேண்டாம், போதிய அளவு சேர்ந்துவிட்டது.

அத்தான் மிகவும் பண்பாக எழுதியிருந்தார். கணவன் மனைவிக்குள் சில்லறை மனத்தாங்கல் எந்த வீட்டில் இல்லை? அடுத்த ஆண்டு நான் வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். சாவி அதுவரை சித்தப்பாவிடம் இருக்கட்டும்.

தணிகாசலம்

பினாங்கு
28 ஜூன் 1931

தம்பிக்கு. ஓரத்தில் எழுதியதைப் படித்துவிட்டுக் கத்தரித்தாயா, படிக்காமல் கத்தரித்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

இனி சீட்டு வராது.

வடிவம்மாள்

லண்டன்
6 செப்டம்பர் 1931

அன்புள்ள அக்காவுக்கு, நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இரண்டு மாதமாக அச்சுத்தாள் திருத்துவதிலேயே பொழுது போய்விட்டது.

கட்டுரை வெளிவந்துவிட்டது. தனிப் பிரதிகள் கொடுத்தார்கள். உனக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். பின்னிணைப்பில் உன் வாக்கியங்கள் நாற்பத்தொன்று இருக்கின்றன. அவற்றை எங்கே எடுத்தது என்று சொல்ல வேண்டும் என்றார்கள். ‘பினாங்கில், ஒழுக்கமும் அமைதியும் நிறைந்த ஒரு தமிழ்க் கிராணியின் இல்லத்தில் கேட்டவை’ என்று எழுதினேன். பெயர் போடவில்லை, ஆனாலும் அத்தானுக்குப் பெருமையாக இருக்கும்.

ஓரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டியதைப் படித்தேன். நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

தணிகாசலம்

பினாங்கு
11 அக்டோபர் 1931

தணிகாசலத்துக்கு. உடம்பு எப்படி இருக்கிறது?

நான் அந்த வீட்டில் இல்லை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி பகலில், கட்டிய சேலையோடு ஹாஜராக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு பலகைச் சுவர்தான் தூரம். அதைத் தாண்ட எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. ஹனீபாவின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் சாப்பிடுகிற கிராணிகள் பாதிப் பேர் கடையை மாற்றிக்கொண்டார்கள். ‘போறவன் போவட்டும் லா, சோறு மிஞ்சுனா நாமளே தின்னுக்கலாம்’ என்கிறார். நான் வெங்காயம் உரிக்கிறேன், பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறேன்.

அவர் தெருவில் நின்று கத்துகிறார். கதவை உதைக்கிறார். என் பக்கம் வரக்கூடாது என்று அவரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுக் கொடுத்திருக்கிறேன். என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவரும் எதிர்மனு போட்டிருக்கிறார். டிசம்பர் ஏழு விசாரணை. வக்கீல் கேட்டார்: ‘அடிச்சாரு அடிச்சாருன்னா போதாதும்மா. எந்தத் தேதி, எத்தன மணி, என்ன பேசுனாரு? அப்பவே எழுதி வெச்சது ஏதாச்சும் இருக்கா?’

இருக்கிறது என்று சொன்னேன். நீ எழுதச் சொன்ன முறையில் தேதி, நேரம், ஆள், பேச்சு, நடந்தது எல்லாம் இருக்கிறது. நாற்பத்தொரு சீட்டு. கத்தரித்தாய் என்று எழுதியிருந்தாய். துண்டுகளை எங்காவது போட்டு வைத்திருப்பாய். எல்லாவற்றையும் உடனே அனுப்பு. எனக்கு வேறு சாட்சிக் காகிதம் கிடையாது.

வடிவம்மாள்

லண்டன்
14 நவம்பர் 1931

அக்கா,

துண்டுகள் இல்லை. மே மாதமே கணப்பு நெருப்பில் போட்டுவிட்டேன்.

வாக்கியங்களை மட்டும் அனுப்புகிறேன். பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஓரங்கள் எனக்கு ஞாபகம் வருகின்றன. மணிக்கட்டு. கரண்டி. அப்போதே படித்திருக்கிறேன் அக்கா. நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். படித்துவிட்டுத்தான் கத்தரித்தேன். வினைக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட்டேன்.

சித்தப்பாவுக்கு எழுதிவிட்டேன். சாவியைத் தருவார். எப்போது எழுதியிருக்க வேண்டும் என்று நீ சொல்ல வேண்டியதில்லை.

தணிகாசலம்

பினாங்கு
20 டிசம்பர் 1931

தணிகாசலத்துக்கு. சுகமாக இருப்பாய்.

நீ அனுப்பிய வாக்கியங்கள் விசாரணைக்கு மறுநாள் வந்தன. முன்னமே வந்திருந்தாலும் என்ன செய்ய? தேதியில்லாத பேச்சு, யார் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம்.

கோர்ட்டில் அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய வக்கீல் உன் கட்டுரையை எடுத்து மாஜிஸ்திரேட் துரையிடம் நீட்டினார். லண்டனில் அச்சடித்தது, துரை மரியாதையோடு வாங்கிப் புரட்டினார். வக்கீல் அடிக்கோடு போட்ட இடத்தை வாசித்தார். ஒழுக்கம், அமைதி, தமிழ்க் கிராணியின் இல்லம். ‘யார் இதை எழுதியது?’ என்று துரை கேட்டார். ‘மனுக் கொடுத்த அம்மாவின் சொந்தத் தம்பி’ என்றார் வக்கீல். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் துரை குறித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஹாஜராக்கா வெளியே வந்ததும் கேட்டார்: ‘ஒந்தம்பி அத்தன வருசம் படிச்சது இதுக்குத்தானா வடிவு?’

மனுவைத் தள்ளவில்லை. நாலு மாதத்தில் சமாதானமாகப் போகப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏப்ரல் பதினொன்றில் முடிவு சொல்கிறேன் என்றார். இந்த நாலு மாதம் உனக்குப் போதும். பிப்ரவரி கடைசியில் கப்பல் ஏறினாலும் வந்துவிடலாம். நேரில் வந்து கூண்டில் நின்று, அந்த வரி பொய், சீட்டில் இன்னது இருந்தது, நான் கத்தரித்தேன் என்று இங்கிலீஷில் சொல். நான் சொன்னால் இவர்கள் நம்ப மாட்டார்கள், நீ சொன்னால் நம்புவார்கள். வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை. சாவி கிடைத்தது. இனி அது அவ்வளவு அவசரமில்லை.

வடிவம்மாள்

லண்டன்
31 ஜனவரி 1932

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அந்த வரியை மாற்றித் திருத்தம் போட வேண்டும் என்றேன். எழுத்துப்பிழை இருந்தால் போடலாம், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத குடும்ப விஷயத்துக்குப் போட முடியாது என்றார் செயலாளர். ‘அமைதியான வீடு இல்லை என்பதற்கு உங்களிடம் ஆதாரம் என்ன?’ என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். மார்ச்சில் துருக்கிக்கு ஒரு குழு தோண்டப் போகிறது. பலகைகளைப் படிக்க என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நம்மவர்களில் யாருக்கும் இதுவரை கிடைக்காத இடம். இப்போது விட்டால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். விசாரணையை ஜூலைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று உன் வக்கீலைக் கேட்டுப் பார். முடியாவிட்டால், இத்துடன் சத்தியப் பத்திரம் வைத்திருக்கிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது. ஞாபகம் உள்ள ஓரங்கள் எல்லாம் எழுதியிருக்கிறேன். நேரில் வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத எனக்கு முகம் இல்லை.

தணிகாசலம்

பினாங்கு, சுங்கை பினாங்
24 ஏப்ரல் 1932

தம்பி தணிகாசலத்துக்கு அக்காள் எழுதுவது. நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று தெரியாததால் லண்டன் விலாசத்துக்கே போடுகிறேன். அந்த நாட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

தேதியைத் தள்ளிவைக்க நான் கேட்கவில்லை. பதினொன்றாம் தேதியே விசாரணை நடந்தது.

உன் பத்திரத்தை வக்கீல் கொடுத்தார். எழுதியவர் இங்கே இல்லை, குறுக்குக் கேள்வி கேட்க முடியாது என்று துரை ஒதுக்கி வைத்தார். பிறகு ஹாஜராக்கா கூண்டில் ஏறினார். ‘நீ கண்ணால் பார்த்தாயா?’ என்று எதிர்வக்கீல் அதட்டினார். ‘பலகைச் சுவருங்க ஐயா. ஒங்க வீடு கல்லு வீடு, ஒங்களுக்குத் தெரியாது. எங்க தெருவுல எவனும் பாக்க வேண்டியதில்ல’ என்றார். துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னதும் துரைகூடச் சிரித்துவிட்டார். வாயில் கரண்டியால் பால் ஊற்றியதையும் சொன்னார். அப்போது துரை சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு அவர் என் பக்கம் வரக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒரு வருஷம்தான். அவருடைய எதிர்மனுவைத் தள்ளிவிட்டார்கள். சங்கத்தில் அவர் இன்னும் காரியதரிசிதான்.

அப்பாவின் வீட்டில் இருக்கிறேன். முன்கூடத்தில் பதினாலு பெண்பிள்ளைகள் படிக்க வருகிறார்கள்.

நான் கூண்டில் நின்றபோது எதிர்வக்கீல் கேட்டதை உனக்குச் சொல்ல வேண்டும். ‘இவ்வளவு பெரிய படிப்புப் படித்த தம்பி அக்காளுக்காக ஏன் வரவில்லை? நீ சொல்வது பொய் என்று அவருக்கே தெரியும், அதனால்தானே?’ என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவரும் பார்த்தார், உன் அத்தான். தம்பிக்குக் கடும் காய்ச்சல், மூன்று மாதமாகப் படுத்த படுக்கை, எழுந்து உட்காரவே முடியவில்லை என்று சொன்னேன். சத்தியம் செய்தபிறகு அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

வடிவம்மாள்